குளிருக்கு ஏ, வெயிலுக்கு பி: செம்மறி ரத்த வகை பற்றி வாசகர் கேள்விகள்

செம்மறியாட்டின் ரத்த வகைக்கும் அது வாழும் தட்பவெப்பத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி, அதாவது குளிர் மலைகளில் ஹீமோகுளோபின் ஏ மிகுதி, வெப்ப நாடுகளில் ஹீமோகுளோபின் பி மிகுதி என்று சொல்லப்படுவதைப் பற்றி, சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதையொட்டி வந்த கடிதங்களில் ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆட்டுக்கும் மனிதருக்கு இருப்பதைப் போல ஏ, பி, ஓ என்று ரத்தப் பிரிவு உண்டா? ‘ஹீமோகுளோபின் ஏ, பி’ என்று நீங்கள் எழுதியதும் அதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டால்தான் மற்றவை புரியும்.

‘ரத்த வகை’ என்ற ஒரே சொல்லால் செம்மறியில் மூன்று விஷயங்களைக் குறிக்கிறார்கள். முதலாவது, சிவப்பணுவின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் அடையாளப் பொருள்கள். மனிதரின் ஏ, பி, ஓ பிரிவோடு ஒப்பிடத் தக்கவை இவைதான். செம்மறியில் ஏ, பி, சி, டி, எம், ஆர், எக்ஸ்-இசட் என்று 7 தொகுதிகளாக இவற்றைப் பிரித்து வைத்தார்கள். இவற்றில் பி தொகுதிதான் மிகச் சிக்கலானது.

இரண்டாவது, அணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் வகை. 1955-இல் ஹாரிஸ், வாரன் என்ற இரு ஆய்வாளர்கள் செம்மறி ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டார்கள். சில ஆடுகளில் அது வேகமாக நகர்ந்தது, சிலவற்றில் மெதுவாக நகர்ந்தது, இன்னும் சிலவற்றில் இரண்டு பட்டைகளாகவே பிரிந்தது. வேகமாக நகர்வது ஏ, மெதுவாக நகர்வது பி. இரண்டும் இருந்தால் ஏபி. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து மற்றொன்றும் வந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் மிகுந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பது. மிகுந்திருந்தால் எச்.கே., குறைந்திருந்தால் எல்.கே. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

தட்பவெப்பத்தோடு சேர்த்துப் பெரிதும் பேசப்படுவது இரண்டாவது வகை. ரத்தம் ஏற்றும்போது கவலைப்பட வேண்டியது முதல் வகை. ஹீமோகுளோபின் ஏ உள்ள ஆட்டுக்கு ‘ஏ பிரிவு ரத்தம்’ என்று யாராவது சீட்டு எழுதிக் கொடுத்தால் அது தவறு.

கேள்வி: குளிர் மலைகளில் ஏ மிகுதி, வெப்ப நாடுகளில் பி மிகுதி என்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால் காரணம் என்ன?

பரவல் உண்மைதான். காரணம் என்று சொல்லப்படுவதில்தான் ஓட்டை இருக்கிறது.

1950-களில் இவான்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் பிரிட்டன் செம்மறி இனங்களின் ரத்தத்தை வரிசையாகச் சோதித்தார்கள். ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் போன்ற மலை இனங்களில் ஏ மிக அதிகமாக இருந்தது. தாழ்நிலப் புல்வெளி இனங்கள் பலவற்றில் பி ஓங்கியிருந்தது. பின்னர் மற்ற நாடுகளிலும் பார்த்தபோது வட ஐரோப்பிய இனங்களில் ஏ மிகுந்தும், மத்தியதரைக் கடல் பகுதி, மேற்காசியா, இந்தியா ஆகிய இடங்களின் இனங்களில் பெரும்பாலும் பி மிகுந்தும் காணப்பட்டன. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தோன்றக்கூடியது ‘குளிருக்கு ஏ, வெயிலுக்கு பி’ என்பதுதான்.

இதற்கு ஆக்சிஜனை வைத்து விளக்கம் சொல்வது வழக்கம். ஏ வகை ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும். பி வகை சற்றுத் தளர்வாகப் பிடிக்கும். காற்று அடர்த்தி குறைந்த உயரத்தில் நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்வதுதான் கடினம் என்பதால் இறுகப் பிடிப்பது நல்லது. காற்று தாராளமாக உள்ள தாழ்நிலத்தில் ஏற்றுவது ஒரு சிரமமே அல்ல. தசையில் எளிதாக இறக்கிவிடுவதே பயன். இதுவரை தர்க்கம் சரியாகவே இருக்கிறது.

ஆனால் பிரிட்டனின் மிக உயரமான சிகரமான பென் நெவிஸே 1,345 மீட்டர்தான். ஆடு மேய்வது அதற்கும் வெகு கீழே. 600 மீட்டர் உயரத்தில்கூடக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 93 சதவீதம் இருக்கும். அந்த 7 சதவீதக் குறைவு ஒரு மந்தையின் மரபணுவையே ஒரு பக்கமாகத் தள்ளிவிடும் என்பதை நம்புவது கடினம். 4,000 மீட்டரில் வாழும் திபெத்திய செம்மறியின் கதை வேறு. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். 2019-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஹீமோகுளோபினின் ஒரு பாகமான பீட்டா குளோபினுக்குரிய மரபணுப் பகுதி அர்காலி என்னும் காட்டுச் செம்மறியிடமிருந்து கலப்பால் திபெத்திய ஆடுகளுக்கு வந்து நிலைத்ததைக் காட்டியது. உயரத்துக்கும் ஹீமோகுளோபினுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. அந்தச் சான்று உயரத்தைப் பற்றியது. குளிரையோ வெயிலையோ பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு முரணும் உண்டு. ரத்தசோகை வந்தால், ஏ மரபணு உள்ள ஆடு ‘ஹீமோகுளோபின் சி’ என்ற மற்றொரு வகையைத் தயாரிக்கத் தொடங்கும். பி மட்டும் உள்ள ஆட்டுக்கு அந்த வசதி இல்லை. அதன் குரோமோசோமில் சி-க்கான மரபணுவே கிடையாது. ரத்தம் உறிஞ்சும் குடற்புழு பெருகுவது சூடும் ஈரமும் சேர்ந்த நாடுகளில். அப்படியானால் அங்குதான் ஏ மிகுந்திருக்க வேண்டும், ஆனால் அங்கே பி மிகுந்திருக்கிறது! ஒரு விளக்கம் வடக்கே இழுக்க, மற்றொன்று தெற்கே இழுக்கிறது.

எங்கள் கருத்து இதுதான். இன்று வரைபடத்தில் தெரியும் பரவலில் பெரும்பகுதி, செம்மறி மனிதரோடு நடந்து வந்த பாதையின் தடம். தென்மேற்கு ஆசியாவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் வீட்டு விலங்கான செம்மறி, அலை அலையாகப் பல திசைகளுக்குப் போனது. ஒவ்வொரு இடத்திலும் சிறு கூட்டமாகத் தொடங்கி, சில கிடாக்களை வைத்தே பெருகியது. 2 கிடா, 100 பெட்டை உள்ள மந்தையை எடுத்துக்கொள்வோம். கிடா எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் 800-ஐ 102-ஆல் வகுத்த கணக்கு வரும். விடை ஏறத்தாழ 8. அதாவது மரபு நோக்கில் அந்த மந்தை 8 ஆடுகள் கொண்ட கூட்டத்துக்குச் சமம். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஏ மிகுவதும் பி மிகுவதும் தற்செயலாகவே நடக்கலாம், தட்பவெப்பம் தலையிட வேண்டியதே இல்லை. அண்டை மலை இனங்கள் ஒன்றுக்கொன்று உறவு என்பதால் அவற்றின் ரத்தமும் ஒத்திருக்கிறது. 20 இனங்களில் கண்டோம் என்றால் 20 தனிச் சான்றுகள் கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது.

கேள்வி: பொட்டாசியம் வகையைக் கொஞ்சம் விளக்குங்கள். அது சத்துக் குறைவா?

சத்துக் குறைவு இல்லை. பொட்டாசியம் சேர்த்துக் கொடுத்தாலும் மாறாது. முழுக்கப் பரம்பரை. எச்.கே. ஆட்டின் சிவப்பணுவில் லிட்டருக்கு 80 முதல் 90 மில்லிமோல் வரை பொட்டாசியம் இருக்கும். எல்.கே. ஆட்டில் 10 முதல் 20 வரைதான். அந்த இடத்தைச் சோடியம் நிரப்பியிருக்கும். நடுவில் ஆடுகள் அநேகமாக இல்லாததால் பிரிப்பது எளிது. அணுவின் தோலில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் இறைப்பான் இருக்கிறது, எல்.கே. ஆட்டில் அதன் வேகம் அடக்கப்பட்டிருக்கிறது. 1969-இல் எல்லோரி, டக்கர் என்ற ஆய்வாளர்கள் ஒரு வியப்பான விஷயத்தைக் காட்டினார்கள்: எல் என்ற மேல்தோல் அடையாளத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சேர்த்தால் எல்.கே. அணுவின் இறைப்பான் வேகம் பிடிக்கிறது. எல்.கே.-க்கு எல் அடையாளம், எச்.கே.-க்கு எம் அடையாளம். மேலே சொன்ன மூன்று ‘ரத்த வகை’களில் முதலாவதும் மூன்றாவதும் கைகோக்கும் இடம் இது.

எல்.கே. ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும். எனவே எச்.கே. கிடாவும் எச்.கே. பெட்டையும் சேர்ந்தால் குட்டிகள் எல்லாம் எச்.கே.; எல்.கே. குட்டி பிறந்தால் தகப்பன் வேறு. இரண்டு எல்.கே. ஆடுகளுக்கு எச்.கே. குட்டி பிறப்பதில் தவறில்லை.

இதிலிருந்து கால்நடை மருத்துவருக்கு ஒரு பயன் உண்டு. அது பலருக்கும் தெரிவதில்லை. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்துபோனால் எச்.கே. ஆட்டின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து தெரியும். 100 அணுவில் 1 உடைந்தாலே லிட்டருக்கு 0.3 மில்லிமோலுக்கு மேல் கூடிவிடும். எல்.கே. ஆட்டில் அந்த உயர்வு கண்டுகொள்ளத் தேவையில்லாத அளவு. ஆகவே ஒரு ஆட்டுக்குப் பொட்டாசியம் அதிகம் என்று அறிக்கை வந்தால், சிகிச்சை தொடங்கும் முன் பிளாஸ்மா சிவந்திருந்ததா என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் எங்கள் மந்தையின் ஹீமோகுளோபின், பொட்டாசியம் வகைகளைப் பார்க்க இருக்கிறோம். ரத்தம் எடுப்பதிலிருந்து முடிவு வரை எதில் கவனம் தேவை?

குழாயிலிருந்தே தொடங்குவோம், ஏனெனில் பெரும்பாலான தவறு அங்கேதான் நடக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வழக்கமாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் இருப்பது பொட்டாசியம் உப்பு. அதில் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் அளந்தால் எல்லா ஆடும் எச்.கே.-யாகிவிடும். லித்தியம் ஹெப்பாரின் குழாயே வேண்டும். ஹீமோகுளோபின் வகை மட்டும் பார்ப்பதானால் இ.டி.டி.ஏ. போதும்.

கழுத்து நாளத்தின் மேல் உள்ள மயிரைக் கத்தரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, 18 அல்லது 20 கேஜ் ஊசியால் 5 மி.லி. எடுங்கள். சிரிஞ்சை வேகமாக இழுத்தாலும், ஊசியைக் கழற்றாமல் குழாய்க்குள் பீய்ச்சினாலும் அணு உடையும். குழாயை 8, 10 முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். பனிக்கட்டிப் பெட்டியில் வைக்கும்போது குழாய் நேரடியாகப் பனியைத் தொடக் கூடாது, இடையில் ஒரு துணி இருக்கட்டும். பொட்டாசியம் பார்க்கும் மாதிரியைச் சில மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். குளிரில் இறைப்பான் நின்றுவிடுவதால் அணுவிலிருந்து பொட்டாசியம் வெளியே கசியும். ஹீமோகுளோபின் மாதிரி 4 டிகிரியில் சில நாள் தாங்கும்.

பொட்டாசியத்துக்கு மூன்று எண்கள் தேவை: முழு ரத்தத்தின் பொட்டாசியம், பிளாஸ்மாவின் பொட்டாசியம், ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு). செம்மறியின் சிவப்பணு சுமார் 4.5 மைக்ரான் அளவே, மனித அணுவைவிட மிகச் சிறியது; அதனால் நுண்குழாயை 10 நிமிடம் முழுதாகச் சுழற்றுங்கள். 5 நிமிடத்தில் நிறுத்தினால் அணுக்கள் முழுதும் படியாமல் எண் கூடித் தெரியும். கணக்கு இப்படி: முழு ரத்தம் 30, பிளாஸ்மா 5, ஹெமட்டோகிரிட் 0.30 என்றால் பிளாஸ்மாவின் பங்கு 5-ஐ 0.70-ஆல் பெருக்கினால் 3.5. அதை 30-இலிருந்து கழித்தால் 26.5. அதை 0.30-ஆல் வகுத்தால் 88, ஆடு எச்.கே. அதே ஆட்டில் முழு ரத்தம் 8 ஆக இருந்தால் விடை 15, ஆடு எல்.கே.

ஹீமோகுளோபினுக்கு: பிளாஸ்மாவையும் வெள்ளணுப் படலத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, அணுக்களை 0.9 சதவீத உப்புநீரில் மூன்று முறை கழுவுங்கள். மேலே நிற்கும் நீர் தெளிவாகும் வரை கழுவ வேண்டும். பிளாஸ்மா புரதம் மிஞ்சினால் கூடுதல் பட்டை தோன்றி ஏமாற்றும். கழுவிய அணுவுடன் காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்து உடைத்து, சிறிது டொலுவீன் விட்டுக் குலுக்கி, சுழற்றி, தெளிந்த சிவப்பு நீரை மட்டும் எடுங்கள். டொலுவீன் வேலையைப் புகைபோக்கி அலமாரிக்குள் செய்யுங்கள். செல்லுலோஸ் அசிட்டேட் தாள், பி.எச். 8.6 டிரிஸ்-இ.டி.டி.ஏ.-போரேட் கரைசல், 200 முதல் 250 வோல்ட், 20 முதல் 30 நிமிடம். பொன்சோ எஸ் சாயம்.

சிவப்பு நீரை நீர்க்காமல் அடர்த்தியாக வைத்தால் இரு பட்டையும் ஒன்றாகப் பரவி ஏபி ஆடு ஏஏ ஆகவோ பிபி ஆகவோ தெரியும், 100 மி.லி.-க்கு 2, 3 கிராம் ஹீமோகுளோபின் போதும். ஒவ்வொரு தாளிலும் ஏபி என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மாதிரியைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். அது இரண்டாகப் பிரியாத தாளை முழுதும் ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: பால்குட்டியாக இருந்தபோது எச்.கே. என்று வந்த ஆடு வளர்ந்தபின் எல்.கே. என்று வருகிறது. பரம்பரைப் பண்பு எப்படி மாறும்?

மரபணு மாறவில்லை. எல்லாக் குட்டிகளும் பிறக்கும்போது எச்.கே. போலத்தான் இருக்கும். எல்.கே. மரபுள்ள குட்டியில் பழைய அணுக்கள் போய்ப் புது அணுக்கள் வர வர, சுமார் இரண்டு மாதத்தில் பொட்டாசியம் இறங்கிவிடும். ஹீமோகுளோபினும் அப்படியே; பிறந்த குட்டியில் கருக்கால ஹீமோகுளோபின்தான் மிகுதி. ஏ மரபுள்ள குட்டியில் இடையே சில காலம் சி வகையும் தலைகாட்டும். மூன்று மாதம் கடந்தபின் சோதிப்பது நல்லது.

பெரிய ஆட்டில் இதே குழப்பத்தை உண்டாக்குவது ரத்தசோகை. புதிதாக வெளிவந்த இளம் அணுவில் பொட்டாசியம் மிகுந்திருக்கும் என்பதால் எல்.கே. ஆட்டின் எண் உயரும். ஏபி ஆட்டிலோ ஏ-யின் இடத்தைச் சி பிடித்துக்கொள்ள, ஏ பட்டை மங்கி ஆடு பிபி போலத் தெரியும். ஹெமட்டோகிரிட் 27 சதவீதத்துக்குக் கீழே உள்ள ஆட்டின் முடிவை ஏற்காதீர்கள். குடற்புழு நீக்கி, ஆடு தேறியபின் மறுபடி எடுங்கள்.

கேள்வி: 80 பெட்டைகளில் ஏஏ 20, ஏபி 20, பிபி 40 என்று வந்தது. இதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது?

உங்கள் மந்தை ஒரே மந்தை இல்லை என்பது தெரிகிறது.

80 ஆட்டில் மரபணுப் பிரதிகள் 160. ஏ பிரதிகள் 40 கூட்டல் 20, மொத்தம் 60, அளவு 0.375. கலந்து இனப்பெருக்கம் ஆகியிருந்தால் ஏஏ சுமார் 11, ஏபி சுமார் 38, பிபி சுமார் 31 இருக்க வேண்டும். உங்களிடம் ஏபி பாதிதான் இருக்கிறது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கும் கை-வர்க்கச் சோதனை 17-ஐத் தாண்டுகிறது, 3.84-க்கு மேல் போனாலே தற்செயல் என்று விட முடியாது.

ஏ மிகுந்த ஓர் இடத்திலிருந்தும் பி மிகுந்த மற்றோர் இடத்திலிருந்தும் வாங்கிச் சேர்த்து, இன்னும் ஒரு தலைமுறை கலக்காத மந்தையில் இப்படித்தான் வரும். வாங்கிய பதிவேட்டை எடுத்து, ஏஏ ஆடுகள் ஒரே தொகுதியில் வந்தவையா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் ஆய்வகத்தைச் சந்தேகியுங்கள்: மங்கலான இரண்டாம் பட்டையைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ‘வெயிலுக்கு ஏபி தாங்காமல் செத்துவிட்டது’ என்ற முடிவுக்குத் தாவுவது கடைசியில் செய்ய வேண்டியது. பெரும்பாலும் செய்யத் தேவையே வராது.

கேள்வி: ஏ வகைக் கிடா வாங்கினால் குடற்புழுத் தொல்லை குறையுமா?

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறது. 1976-இல் கென்யாவில் மெரினோ ஆடுகளை வைத்து அலன்பியும் அர்குஹார்ட்டும் வெளியிட்ட ஆய்வில், ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவை ஏஏ ஆடுகள் மற்றவற்றைவிட நன்றாக எதிர்த்தன. ஆனால் வேறு இனங்களில் செய்த ஆய்வுகள் பலவற்றில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ரத்தசோகையைத் தாங்குவதும் புழுவை விரட்டுவதும் வெவ்வேறு திறன்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு முதிர்ந்த புழு நாளைக்குச் சுமார் 0.05 மி.லி. ரத்தம் குடிக்கும், 1,000 புழு இருந்தால் 50 மி.லி. அதை எந்த ஹீமோகுளோபினும் ஈடுகட்டாது.

கிடாவின் ரத்தத்துக்குச் செலவிடுவதை அதன் சாணத்துக்குச் செலவிடுங்கள். பால் மறந்த கிடாக்குட்டிகளைப் புழு நீக்காமல் ஒரே மேய்ச்சலில் விட்டு, ஒரு கிராம் சாணத்தில் சராசரிப் புழுமுட்டை 500-ஐத் தாண்டியதும் ஒரே நாளில் அனைத்துக்கும் மாதிரி எடுங்கள். மாதிரியை மலக்குடலிலிருந்து நேரே எடுக்க வேண்டும். இரண்டு முறை எண்ணி, இரண்டிலும் குறைந்த முட்டை உள்ளவற்றை வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நாட்களில் கண் இமையின் உள்நிறத்தைத் தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையோடு ஒப்பிட்டு, 4, 5 என்ற வெளிறிய நிலையில் உள்ளவற்றுக்கு உடனே மருந்து கொடுங்கள். எண்ணிக்கைக்காக ஆட்டைச் சாக விடக் கூடாது. இந்த முட்டை எண்ணிக்கை நேரடியாக நீங்கள் விரும்பும் பண்பையே அளக்கிறது, பரம்பரையாகவும் இறங்குகிறது.

கேள்வி: அப்படியானால் வெயில் தாங்கும் ஆட்டை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ஆட்டைப் பார்த்துத்தான். வெப்பத்தை வெளியேற்றச் செம்மறி பெரிதும் நம்புவது மூச்சை. இதமான காலத்தில் உடல் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மூச்சு வழியே போகும். 35 டிகிரியில் பாதிக்கு மேல் அதன் வழியே போகும். ஆகவே நிழலில் நிற்கும் ஆட்டின் விலா எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் பிழை பெருகும். 40 முதல் 60 என்றால் லேசான சிரமம், 80 முதல் 120 என்றால் கடும் சிரமம். 200-ஐத் தாண்டினால் ஆபத்து. மூச்சு வேகமாக இருந்து பின் வாய் திறந்து மெதுவாகவும் ஆழமாகவும் மாறினால் அது தேறுவதன் அறிகுறி இல்லை, நிலைமை முற்றுகிறது.

கூடவே மலக்குடல் வெப்பநிலை. விடியற்காலையில் ஒருமுறை, பிற்பகல் 2 முதல் 3 மணிக்குள் ஒருமுறை, தொடர்ந்து நான்கைந்து கடும் வெயில் நாட்களில் எடுக்க வேண்டும். இயல்பு 38.3 முதல் 39.9 வரை. பிற்பகல் அளவிலிருந்து காலை அளவைக் கழித்து, அந்த ஏற்றம் எந்த ஆட்டில் குறைவோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அளக்கும் முன் ஆட்டைத் துரத்திப் பிடித்தால் எண்ணுக்கு மதிப்பில்லை; அரை மணி நேரம் முன்பே சிறு பட்டிக்குள் அடைத்துவிடுங்கள். மயிர் கத்தரித்ததையும் கத்தரிக்காததையும் ஒப்பிடாதீர்கள். அடர்ந்த கம்பளி வெயிலைத் தடுக்கும் கூரை. மெரினோவின் கம்பளி நுனி 80 டிகிரியைத் தாண்டும்போதும் தோல் உடல் சூட்டையொட்டியே இருந்ததை அளந்திருக்கிறார்கள்.

இந்த எண்கள் மட்டும் போதாது. மூச்சு வாங்காமல், தின்னாமல், நிழலில் சும்மா படுத்திருக்கும் ஆடும் இந்தத் தேர்வில் தேறிவிடும். கோடையில் எடை குறையாமல், உரிய காலத்தில் சினை பிடித்து, குட்டியைப் பால் கொடுத்துக் கரையேற்றிய பெட்டைதான் உண்மையில் வெயில் தாங்கியது. வெப்பத்தில் பிளாஸ்மா பெருகி ஹெமட்டோகிரிட் சற்று இறங்கக்கூடும் என்பதால், கோடையின் எண்ணைக் குளிர்காலத்தின் எண்ணோடு ஒப்பிட்டு ரத்தசோகை என்று பயப்பட வேண்டாம்.

கேள்வி: ஆட்டுக்கு ரத்தம் ஏற்றும்போது பிரிவு பார்க்க வேண்டாமா?

முதல்முறை ஏற்றுவது பொதுவாகப் பாதுகாப்பானது. மனிதரைப் போல வேற்றுப் பிரிவுக்கு எதிரான வலுவான எதிர்ப்பொருள் ஆட்டில் பிறவியிலேயே இருப்பதில்லை. ஆர் தொகுதி மட்டும் சிறு விலக்கு. ஏற்றிய சில நாட்களில் எதிர்ப்பொருள் உருவாகிவிடும் என்பதால் ஒரு வாரம் கழித்து அதே கொடையாட்டிடமிருந்து எடுத்து ஏற்றுவது ஆபத்து. பொருத்தம் பார்க்கச் சொல்லும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: செம்மறி அணுக்கள் எளிதில் திரளாது. திரளவில்லை என்பதால் பொருத்தம் என்று முடிவு செய்ய முடியாது. முயல் ரத்தத்தில் உள்ள, அணுவை உடைக்கும் புரதத் தொகுப்பான காம்ப்ளிமென்ட்டைச் சேர்த்து அணு உடைகிறதா என்று பார்ப்பதே நம்பகமானது.

அளவு: 30 கிலோ ஆட்டின் மொத்த ரத்தம், கிலோவுக்கு 65 மி.லி. என்று வைத்தால், 1,950 மி.லி. ஹெமட்டோகிரிட்டை 9-இலிருந்து 15-க்கு உயர்த்த வேண்டும், கொடையாட்டில் 33 என்றால் 1,950-ஐ 6-ஆல் பெருக்கி 33-ஆல் வகுங்கள். சுமார் 355 மி.லி. தேவை. கொடையாட்டிலிருந்து கிலோவுக்கு 10 மி.லி.-க்கு மேல் எடுக்க வேண்டாம். 63 மி.லி. உறைதடுப்பான் உள்ள பையில் 450 மி.லி. முழுதாக நிரப்ப வேண்டும். பாதி மட்டும் நிரப்பினால் உறைதடுப்பானில் மிஞ்சும் சிட்ரேட் நோயாட்டின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தசை நடுக்கமும் இதயத் தளர்ச்சியும் வரும். வடிகட்டி உள்ள குழாய் வழியே, முதல் 20 நிமிடம் மிக மெதுவாக ஏற்றி, நடுக்கம், மூச்சிரைப்பு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தபின் வேகம் கூட்டலாம். ஏற்றிய அணுக்கள் சில நாட்களே தங்கும். அதற்குள் நோயின் காரணத்தைச் சரி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும். இவை மருத்துவர் கையில் செய்ய வேண்டியவை.

கேள்வி: தாயிழந்த குட்டிகளுக்கு மாட்டுச் சீம்பால் கொடுத்தோம். நன்றாக இருந்த குட்டிகள் இரண்டாம் வாரத்தில் வெளிறிச் செத்தன. ரத்த வகை ஒவ்வாமையா?

அப்படித்தான் தோன்றுகிறது. சில மாடுகளின் சீம்பாலில் உள்ள எதிர்ப்பொருள் செம்மறிக் குட்டியின் சிவப்பணு மீது ஒட்டிக்கொள்ளும். அணுவைக் குட்டியின் உடலே அழித்துவிடும். பிறந்து 1 முதல் 3 வாரத்துக்குள் ஈறும் கண்ணும் வெளிறி, குட்டி தளர்ந்துபோகும். பெரும்பாலும் மஞ்சள் காமாலை தெரியாது. எல்லா மாட்டுக்கும் இந்தக் குணம் இல்லை. எந்த மாட்டுக்கு உண்டு என்று பார்வையில் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஒரே மாட்டின் சீம்பாலைக் கொடுக்காமல், நான்கைந்து மாடுகளின் சீம்பாலைக் கலந்து சிறு பொட்டலங்களாக உறையவைத்துக்கொள்ளுங்கள். கலப்பதால் தீய எதிர்ப்பொருள் நீர்த்துவிடும். உறைந்ததைக் கொதிநீரில் போட்டால் சீம்பாலின் பயனே கெடும். 40 டிகிரி வெந்நீரில் இளக்குங்கள். கிலோவுக்கு 50 மி.லி. வீதம் முதல் சில மணி நேரத்தில், 24 மணி நேரத்துக்குள் மொத்தம் கிலோவுக்கு 200 மி.லி. கொடுங்கள். கிடைக்குமானால் வேறு செம்மறியின் சீம்பாலே முதல் தேர்வு. வெளிறத் தொடங்கிய குட்டிக்குச் சத்து மருந்து கொடுத்துக் காத்திருக்காதீர்கள், உடனே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: டி.என்.ஏ. சோதனை வந்தபின் ரத்த வகை பார்ப்பது வீண்வேலையா?

வம்சம் சரிபார்க்க மட்டும் என்றால் ஆம், டி.என்.ஏ. போதும். டி.என்.ஏ.-வின் 50,000-க்கும் மேற்பட்ட இடங்களை ஒரே சில்லில் (சிப்) பார்க்கும்போது இரண்டு பட்டைகளை வைத்துத் தகப்பனைத் தேட வேண்டியதில்லை. ஆனால் பீட்டா குளோபின் தொகுப்பு 15-ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ ஒரே மாதிரியான மரபணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும் இடம். ஏ குரோமோசோமில் 12, பி குரோமோசோமில் 8. ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடும் அபாயம் அங்கே அதிகம். ஆடு உண்மையில் எந்த ஹீமோகுளோபினைத் தயாரிக்கிறது என்று காட்ட அந்தப் பழைய தாளும் சாயமும் இன்னும் நல்ல சாட்சி.